குதிரைப் பந்தயக் குற்ற நாவலின் மாந்தர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்தயக் குதிரைகளைச் சுற்றி ஒரு குற்ற நாவல் எழுத நினைப்பவர்களும், அப்படிப்பட்ட நாவல்களை விரும்பிப் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கதைப்பின்னலைப் பற்றி இங்கே அதிகம் இருக்காது. பேச்சு முழுக்க ஆட்களைப் பற்றியது, குதிரையையும் சேர்த்து.

ஒரு பாத்திரத்தை எங்கிருந்து பிடிப்பது?

"இன்று காலை இந்தக் குதிரையைப் பற்றி இவருக்கு மட்டும் தெரிந்தது என்ன?" என்ற கேள்வியிலிருந்து. வயது, உயரம், குடும்பப் பின்னணி எல்லாம் அப்புறம் வரட்டும்.

ஒரு லாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வைத்த தீனியில் பாதி அப்படியே கிடப்பதை விடியற்காலையில் முதலில் பார்ப்பவர் குதிரைக்காரர். பயிற்சி ஓட்டத்தில் குதிரை ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்பது அதன்மேல் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியும். வலது முன்குளம்பு லேசாகச் சூடேறியிருப்பது லாடம் அடிப்பவரின் உள்ளங்கைக்குத் தெரியும். ஊசியில் என்ன போனது என்பது டாக்டருக்குத் தெரியும். குதிரையைப் பழக்கி லாயத்தை நடத்தும் டிரெய்னரிடம் இதில் பாதிதான் வந்து சேரும். அந்தப் பாதியிலும் டிரெய்னர் சொல்ல விரும்பியது மட்டுமே உரிமையாளரின் காதுக்குப் போகும். பந்தயப் பணம் வாங்கும் புக்கி இவர்களில் யாரையும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் பணம் எந்தக் குதிரைமேல் விழுகிறது என்பதை வைத்தே மற்றதையெல்லாம் ஊகித்துவிடுவார்.

பந்தய உலகில் பணம் புரள்வதே இந்த இடைவெளிகளில்தான். குதிரை இருமுகிறது என்று மத்தியானம் வரை ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அந்த இருமலுக்கு ஒரு விலை உண்டு. தனக்குத் தெரிந்ததை விற்கலாம் என்று ஒரு நல்ல மனிதருக்குத் தோன்றும் நிமிடத்தைப் பிடித்துவிட்டால் உங்களுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டார். வாங்க வந்தவர் யார் என்பதை அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

துப்பறிபவர் போலீஸாக இருக்கலாமா?

இருக்கலாம். ஆனால் லாயத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இன்னொரு சிக்கல், அவர் கண்ணில் படுவது அவருக்கே புரியாது.

1974 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கார்ட்மெல் மைதானத்தில் நடந்ததைப் பாருங்கள். கே ஃபியூச்சர் என்ற குதிரை ஓட்டத்துக்கு முன் காலெல்லாம் நுரை தள்ளிக்கொண்டு வந்து நின்றது. இப்படி வியர்த்துக் கொட்டும் குதிரை ஓடும் முன்பே களைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். பார்த்தவர்கள் பணம் கட்டத் தயங்கினார்கள், ரேட் (அது ஜெயித்தால் கட்டிய பணத்துக்குக் கிடைக்கும் மடங்கு) ஏறியது. உண்மையில் அது சோப்பு. துகள் சோப்பைக் காலில் தேய்த்து வைத்திருந்தார்கள். குதிரை 15 குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது.

போலீஸ்காரர் அங்கே நின்றிருந்தால் வியர்த்த குதிரையை மட்டும் பார்த்திருப்பார். காலில் இவ்வளவு நுரை இருக்கும்போது கழுத்து ஏன் காய்ந்திருக்கிறது என்று கேட்க, குதிரையோடு வாழ்ந்த ஒருவர் வேண்டும். பந்தயத்தில் குதிரை ஓட்டி, விழுந்து அடிபட்டு ஓய்வுபெற்ற ஜாக்கி, வேலையை விட்டுவிட்ட கால்நடை மருத்துவர், பந்தய ஆணையத்தின் விசாரணை அதிகாரி, செத்துப்போன குதிரைக்காரரின் தங்கை என யாராகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் தங்கையைத் தேர்ந்தெடுப்பேன். பாதி தெரிந்தவள் அவள். மீதிப் பாதியை வாசகரும் அவளோடு சேர்ந்தே கற்றுக்கொள்வார்.

ஜாக்கியை எழுதும்போது எதை விடவே கூடாது?

எடையை. ஜாக்கியின் வாழ்க்கை முழுவதையும் தராசு ஆள்கிறது. ஓட்டத்துக்கு முன் சேணத்தோடு ஏறி நிற்க வேண்டும். முடிந்ததும் மறுபடி நிற்க வேண்டும். குறிப்பிட்ட எடையைவிடக் குறைந்தால் ஜெயித்த ஓட்டமும் கையைவிட்டுப் போகும். கூடினால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அதனால் பட்டினி, வெந்நீர்க் குளியல், வியர்க்க வைக்கும் அறை என்று உடம்பை வதைத்துக்கொள்கிறார்கள். 13 முறை இங்கிலாந்தின் முதல் ஜாக்கியாக இருந்த ஃப்ரெட் ஆர்ச்சர் ஜாக்கிகளில் நல்ல உயரம். எடை குறைக்கப் பட்டினி கிடந்து, காய்ச்சலில் விழுந்து, 1886-ல் 29 வயதிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மதியம் அரை டம்ளர் தண்ணீர் குடிக்கலாமா என்று கணக்குப் போடும் ஒருவரிடம் யாராவது பணத்தோடு வந்து நின்றால் அவர் மனம் எப்படி ஓடும் என்பதை அந்தத் தாகத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

ஜாக்கி வேண்டுமென்றே தோற்பது எப்படி? வாசகர் நம்புவாரா?

கடிவாளத்தைப் பிடித்து வெளிப்படையாக இழுப்பவர் நாவலில் மட்டும்தான் இருப்பார். மைதானத்தில் அன்றைக்கே மாட்டிக்கொள்வார். நம்பும்படியான வழிகள் சின்னவை. ஓட்டம் தொடங்கக் கதவு திறக்கும் அந்த நொடியில் குதிரையின் தலை வேறு பக்கம் திரும்பியிருக்கும்படி விடுவது. வளைவில் உள்பக்கம் இடம் இருந்தும் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போவது. முன்னால் இரண்டு குதிரைகள் சுவர் கட்டினாற்போல் ஓடும்போது அவற்றின் பின்னாலேயே சிக்கிக்கொள்வது, வழி திறக்கும்போது அரை நொடி தாமதிப்பது. கேலரியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் துரதிர்ஷ்டமாகத்தான் தெரியும்.

அவர் விரல்களில் என்ன நடக்கிறது என்பதுதான் எழுத வேண்டிய இடம். குதிரைக்குப் பேரம் தெரியாது. அது முன்னால் போகத் துடிக்கிறது. அந்தத் துடிப்பு கடிவாள வார் வழியாக அவர் கைக்கு வந்துகொண்டே இருக்கிறது. கையை அசைக்காமல் வைத்திருப்பதற்கு அவருக்குப் பணம்.

2000-க்குப் பிறகு இதன் கணக்கும் மாறிவிட்டது. அதுவரை தோற்கும் குதிரையால் லாபம் பார்ப்பது பெரும்பாலும் புக்கிகளுக்கே முடியும். அந்த ஆண்டில் தொடங்கிய பெட்ஃபேர் போன்ற இணையப் பந்தயச் சந்தைகளில் யார் வேண்டுமானாலும் "இந்தக் குதிரை ஜெயிக்காது" என்று பணம் கட்டலாம். ஆகவே இன்றைய கதையில் ஜாக்கியிடம் வருபவர் முரட்டு ஆளாக இருக்க வேண்டியதில்லை. லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பள்ளித் தோழனாகவும் இருக்கலாம்.

டிரெய்னர்?

கடனிலிருந்து தொடங்குங்கள். தீனி, சம்பளம், டாக்டர் பில் எல்லாம் மாதாமாதம் வரும்; உரிமையாளர்களின் பணம் மட்டும் தாமதமாக வரும். வெளியில் பெரிய மனுஷர், வீட்டுக்குள் கடன்காரர்.

குதிரையின் உடம்பில் தடைசெய்த மருந்து இருந்தால், யார் கொடுத்திருந்தாலும் டிரெய்னரே பதில் சொல்ல வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. இது நாவலாசிரியருக்குக் கிடைத்த பெரிய வசதி. அவரைக் கவிழ்க்க நினைப்பவர் அவரைத் தொடவே வேண்டாம். தானே மருந்து கொடுத்த டிரெய்னர்களும் நிஜத்தில் உண்டு. 2013-ல் இங்கிலாந்தின் பந்தய நகரமான நியூமார்க்கெட்டின் மிகப் பெரிய லாயங்களில் ஒன்றின் டிரெய்னருக்கு ஸ்டீராய்டு விவகாரத்தில் 8 ஆண்டுத் தடை விழுந்தது. 2020 மார்ச்சில் அமெரிக்காவில் டிரெய்னர்கள், கால்நடை மருத்துவர்கள், மருந்து விற்றவர்கள் என இருபதுக்கும் மேற்பட்டோர்மீது ஒரே வீச்சில் வழக்கு பாய்ந்தது. அந்தப் பட்டியலில் தனியாக ஒரு ஆள்கூட இல்லை, கூட்டமாகவே செய்திருக்கிறார்கள். உங்கள் டிரெய்னருக்கும் கூட்டாளிகள் வேண்டும்.

குதிரைக்காரருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கச் சொல்கிறீர்கள்?

பல நாவல்களில் குதிரைக்காரர் பிணத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே வருகிறார். இரண்டு பக்கம் அழுதுவிட்டுக் காணாமல் போய்விடுகிறார். எனக்கு இது பொறுக்கவே முடியாத விஷயம். லாயத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குபவர், குதிரையோடு அதிக நேரம் இருப்பவர், அதை மனதார நேசிப்பவர், எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருப்பவர் என நால்வரும் ஒரே ஆள். இந்த நான்கும் ஓரிடத்தில் சேர்ந்த வேறு பாத்திரம் அங்கே கிடையாது.

ஆஸ்திரேலியா கொண்டாடிய ஃபார் லாப் குதிரையின் குதிரைக்காரர் டாமி வுட்காக்கை எடுத்துக்கொள்வோம். 1930 நவம்பர் 1 அன்று, மெல்போர்ன் கோப்பைக்கு மூன்று நாள் முன்பு, காரில் வந்தவர்கள் அந்தக் குதிரையைச் சுட்டார்கள். வுட்காக் குதிரையை மறைத்துக்கொண்டு நின்றார். குண்டு தவறியது, அன்று பிற்பகலே குதிரை ஒரு ஓட்டத்தில் ஜெயித்தது, நவம்பர் 4-ல் கோப்பையையும் ஜெயித்தது. 1932 ஏப்ரல் 5 அன்று கலிஃபோர்னியாவில் அது வலியில் துடிப்பதைக் கண்டு பதறியவரும் வுட்காக்தான். அன்றே அது செத்துப்போனது. பிற்காலத்தில் அதன் பிடரி மயிரை ஆராய்ந்தபோது ஆர்சனிக் தெரிந்தது. யாரோ விஷம் வைத்தார்கள் என்று சிலர் முடிவுகட்டினார்கள். ஆனால் அந்தக் காலத்துக் குதிரை டானிக்குகளிலேயே ஆர்சனிக் கலப்பார்கள். கொலைகாரர் கொடுத்ததா, அன்போடு ஊட்டியவர் கையால் போனதா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. அன்பையும் விஷத்தையும் ஒரே கிண்ணத்தில் வைக்கும் இந்த நிலைமைக்கு இணையாக எந்த வில்லனையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

இன்னொருவர் அயர்லாந்தில். 1983 பிப்ரவரி 8 இரவு, முகமூடி போட்டவர்கள் ஷெர்கர் என்ற குதிரையைக் கடத்த வந்தார்கள். குதிரை இருந்த பண்ணையின் தலைமைக் குதிரைக்காரருடைய வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். குடும்பத்தைத் துப்பாக்கி முனையில் வைத்துக்கொண்டு, குதிரையை அவரையே அடையாளம் காட்டச் சொல்லி, அவர் கையாலேயே வண்டியில் ஏற்ற வைத்தார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போய் வழியில் இறக்கிவிட்டார்கள். போலீஸுக்குச் சொன்னால் தொலைத்துவிடுவோம் என்ற மிரட்டல் வேறு. செய்தி முதலாளிகள், டாக்டர் என்று சுற்றிப் போலீஸுக்குப் போய்ச் சேரச் சுமார் 8 மணி நேரம் ஆனது. ஷெர்கர் திரும்பி வரவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. அவர் எதைச் செய்தாலும் யாரோ ஒருவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகியிருக்கும். உங்கள் குதிரைக்காரரையும் அப்படி ஒரு இடத்தில் நிறுத்துங்கள்.

குதிரையின் உரிமையாளர் என்றால் பணக்காரர், அவ்வளவுதானே?

எப்படிப்பட்ட பணக்காரர் என்று பாருங்கள். ஷெர்கர் இங்கிலாந்தின் பெரிய ஓட்டமான எப்சம் டெர்பியை 1981-ல் 10 குதிரை நீளத்தில் ஜெயித்த குதிரை. அதை 40 பங்குகளாகப் பிரித்து, பங்கு ஒன்று 2,50,000 பவுண்டுக்கு விலை பேசினார்கள். கடத்தியவர்கள் ஒரே ஒரு கோடீஸ்வரரிடம் பேரம் பேசலாம் என்று வந்திருந்தால், எதிரில் இருந்தது ஒரு பெரிய கூட்டம். ஒருவர் கொடுக்கலாம் என்பார், இன்னொருவர் கொடுத்தால் எல்லாக் குதிரைக்கும் ஆபத்து என்பார், மூன்றாமவர் இன்ஷூரன்ஸ் பேப்பரைத் தேடுவார். ஒரு குதிரைக்குப் பத்துப் பங்காளிகள் வைத்தாலே உங்களுக்குப் பத்து நோக்கங்கள் கிடைத்துவிடும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது அமெரிக்க வழக்கு. ஹெலன் பிராக் என்ற பணக்கார விதவை 1977-ல் காணாமல் போனார். தகுதியில்லாத குதிரைகளை அவர் தலையில் கட்டியவர்கள் பக்கம் சந்தேகம் திரும்பியது. பல ஆண்டு கழித்து அந்த விசாரணையைக் கிளறியபோது வேறொன்று வெளிவந்தது: காப்பீட்டுத் தொகைக்காகக் குதிரைகளைக் கூலிக்குக் கொல்லும் ஒரு வலை. பெரும்பாலும் தடை தாண்டும் போட்டிக் குதிரைகள். வயிற்றுவலியில் செத்ததுபோல் தோன்றும்படி மின்சாரம் பாய்ச்சியிருக்கிறார்கள். 1994-ல் 23 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் பலர் மரியாதைக்குரிய குடும்பத்தினர். உரிமையாளர் பாத்திரத்தை உருவாக்கும் முன், அந்தக் குதிரை உயிரோடு இருந்தால் லாபமா, செத்தால் லாபமா என்று அவருடைய கணக்கை நீங்கள் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

புக்கிதானே வில்லன்?

வேண்டாம். தில்லுமுல்லு செய்து ஒரு குதிரையை ஜெயிக்க வைத்தால் முதலில் பணம் போவது அவருக்குத்தான். முதலில் மோப்பம் பிடிப்பவரும் அவர்தான். அவரை உங்கள் துப்பறிபவரின் சிநேகிதராக ஆக்குங்கள்.

கால்நடை மருத்துவரை எப்படிப் பயன்படுத்தலாம்?

அவரிடம் கதைக்கு வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். மனிதர்களை வைத்து எழுதும் விஷக் கதைகளில் வருகிற "நல்லவேளை, கக்கிவிட்டார்" என்ற தப்பித்தல் இங்கே கிடையாது. அதனால்தான் சாதாரண வயிற்றுவலிகூடக் குதிரையின் உயிரை வாங்கிவிடும், அதனால்தான் கொலையை வயிற்றுவலி என்று சொல்லி மறைக்கவும் முடிகிறது. நியூமார்க்கெட்டில் குதிரைகளின் தண்ணீர்த் தொட்டியில் ஆர்சனிக் கலந்ததற்காக டேனியல் டாசன் என்பவரை 1812-ல் தூக்கிலிட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தண்ணீர்த் தொட்டி லாயத்தின் பலவீனமான இடம்தான்.

மருத்துவரைக் கெட்டவராகக் காட்டுவதைவிடத் தயங்குபவராகக் காட்டினால் கதை நிற்கும். காலில் வலி, ஊசி போட்டால் ஓடிவிடும், ஓடினால் எலும்பு முறியலாம். போடச் சொல்பவர் பத்து வருடமாகச் சோறு போடும் வாடிக்கையாளர்.

ஒரு குதிரைக்குப் பதில் வேறு குதிரையை ஓட விடும் கதை இன்றைக்கு எடுபடுமா?

எடுபடும், ஆனால் ஆட்களை மாற்ற வேண்டும். பழைய காலத்தில் சாயமும் தைரியமும் போதும். 1844 எப்சம் டெர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. அதில் முதலில் வந்த ரன்னிங் ரெய்ன் உண்மையில் நான்கு வயதான வேறொரு குதிரை. வழக்கு நீதிமன்றம் போய், குதிரையைக் கொண்டுவாருங்கள் என்று நீதிபதி கேட்டபோது குதிரையைக் காணோம். 1984 ஆகஸ்ட் 18-ல் பிரிஸ்பேனில் ஃபைன் காட்டன் பெயரில் ஓடியது போல்ட் பெர்சனாலிட்டி என்ற வேறு குதிரை. நிறம் ஒத்துப்போகவில்லை என்று தலைச்சாயம் அடித்தார்கள், காலில் வெள்ளைப் பெயின்ட் பூசினார்கள். 33-க்கு 1 (1 கட்டினால் 33 லாபம்) என்றிருந்த ரேட் ஓட்டம் தொடங்கும் முன்பே 7-க்கு 2 ஆகச் சரிந்தபோதே புக்கிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓட்டம் முடிந்து திரும்பும்போது பெயின்ட் வழிந்துகொண்டிருந்தது.

இன்று கழுத்தில் மைக்ரோசிப். ஆனாலும் 2017 ஜூலையில் இங்கிலாந்தின் யார்மத்தில், ஒரே டிரெய்னரின் இரண்டு குதிரைகள் மாறிப்போய், 50-க்கு 1 ரேட்டில் தவறான குதிரை ஜெயித்துவிட்டது. ஓட்டத்துக்குப் பிறகு சிப்பைச் சோதித்தபோதுதான் தெரிந்தது. அது வெறும் கவனக்குறைவு. எனவே இன்றைய கதைக்கு சாயம் பூசுபவர் வேண்டாம். சிப் படிக்கும் கருவியைக் கையில் வைத்திருக்கும், யாரும் பெயர் கேட்காத அந்தச் சிப்பந்தி வேண்டும்.

பெண் பாத்திரங்களுக்கு இந்த உலகில் எங்கே இடம்?

எங்கும். 2015-ல் மிஷேல் பெய்ன் மெல்போர்ன் கோப்பையை ஜெயித்த முதல் பெண் ஜாக்கி ஆனார். 2021-ல் ரேச்சல் பிளாக்மோர் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் ஓட்டத்தை ஜெயித்த முதல் பெண் ஜாக்கி. பெய்ன் ஓட்டிய குதிரையைப் பராமரித்தவர்களில் ஒருவர், டவுன் சின்ட்ரோம் உள்ள அவருடைய அண்ணன் ஸ்டீவி. ஓட்டத்துக்கு முன் நடந்த குலுக்கலில் அவர்களுக்கான தொடக்க இடத்தை எடுத்தவரும் அவரே. அண்ணன் தங்கை சேர்ந்து ஒரு குதிரையைப் பார்த்துக்கொள்கிற அந்தப் பாசத்தை ஒரு குற்ற நாவலாசிரியர் நன்றாகக் கவனிக்க வேண்டும். மிரட்டுபவர்கள் கை வைக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

கதையைப் பழைய காலத்தில் வைத்தால் இன்னும் நல்லது. 1966-ல் ஃப்ளாரன்ஸ் நேகிள் நீதிமன்றம் போய்ப் போராடும் வரை இங்கிலாந்தில் பெண்களுக்கு டிரெய்னர் உரிமம் கிடையாது. லாயம் அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது, காகிதத்தில் பெயர் மட்டும் தலைமைக் குதிரைக்காரருடையது. அந்தக் குதிரைக்காரர் ஒரு நாள் காலையில் பிணமாகக் கிடந்தால் அப்படி ஒருத்தியின் லாயமே சட்டப்படி இல்லாமல் போகும். அவளைக் கொலைகாரி என்று யாரும் சந்தேகிக்கவே முடியாது. இதை ஏன் யாராவது உடனே எழுதக் கூடாது?

குதிரையைப் பாத்திரமாகவே கருதலாமா?

கருதியே ஆக வேண்டும். சுமார் 500 கிலோ எடையுள்ள, பயந்த சுபாவம் கொண்ட ஓர் உயிர் அறைக்குள் நிற்கும்போது அங்கே நடக்கும் எந்தக் காட்சியும் பழையபடி இருக்காது.

மனிதர்களைப்போல யோசிக்க வைக்காதீர்கள். உடம்பால் பேச வையுங்கள். காதுகள் முன்னால் திரும்பினால் ஆர்வம், தலையோடு படிந்தால் கோபம். நேர் பின்னால் நடப்பது அதற்குத் தெரியாது. தெரிந்த ஆள் பக்கவாட்டிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே வருவார், தெரியாத ஆள் பின்பக்கமாக வந்து உதை வாங்குவார். இருட்டில் யார் வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்குமா? கொலை நடந்த இரவில் குதிரை கத்தவில்லை என்றால் வந்தவர் பழக்கப்பட்டவர் என்று எழுதுவது எல்லோரும் செய்வது. நான் விரும்புவது வேறு: மறுநாள் ஒருவர் வழக்கம்போல் உள்ளே வருகிறார், நேற்றுவரை அவர் தோளில் மூக்கைத் தேய்த்த குதிரை மூலைக்கு ஒதுங்குகிறது. அதை ஒருத்தி மட்டும் கவனிக்கிறாள்.

பதற்றமான பந்தயக் குதிரைகளுக்குத் துணையாக லாயத்தில் ஒரு ஆட்டைக் கட்டிவைக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி ஆட்டை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போனால் போதும். குதிரை விடியவிடிய நடந்துகொண்டே இருக்கும், தீனி தொடாது. ஊசி இல்லை, விஷம் இல்லை, எந்தப் பரிசோதனையிலும் சிக்காது.

அப்புறம், அது பொலிகுதிரையா (இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் குதிரை), காயடித்ததா என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவுசெய்துவிடுங்கள். ஷெர்கர் பொலிகுதிரை, ஓடுவதை நிறுத்திய பிறகுதான் அதன் உண்மையான விலை. ஃபார் லாப் காயடித்த குதிரை, ஓடினால்தான் காசு. முன்னதைக் கடத்துவார்கள், பின்னதை ஓடவிடாமல் தடுப்பார்கள்.

கொலை கட்டாயமா?

இல்லை. குதிரைமேல் வாசகருக்குப் பிரியம் வந்துவிட்டால் அதன் காலுக்கு வரும் ஆபத்தே நூறு பக்கம் தாங்கும்.

பந்தயமே தெரியாத வாசகருக்கு இத்தனை பேரையும் எப்படிப் புரியவைப்பது?

விளக்கம் எழுதாதீர்கள், வேலையைக் காட்டுங்கள். ஸ்டீவர்டு என்றால் யார் என்று ஒரு பத்தி எழுதுவதைவிட, மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓட்டத்தின் வீடியோவை நான்காவது முறை ஓடவிட்டு, "இந்த இடத்தில் உங்கள் கை ஏன் அசையவில்லை?" என்று ஜாக்கியைக் கேட்பதை எழுதுங்கள். எடை பார்க்கும் அறை என்றால் தராசைச் சொல்லும் முன் சேணத்துணியின் பைக்குள், எடையைச் சரிக்கட்ட வைக்கும் ஈயத்தகடு நழுவும் சத்தத்தைச் சொல்லுங்கள்.

முதல் முப்பது பக்கத்தில் ஒரே ஒரு லாயம், ஐந்து ஆட்கள், ஒரு குதிரை போதும். புக்கி, ஸ்டீவர்டு, பங்காளிகள் எல்லாம் முதல் ஓட்டம் முடிந்த பிறகு வரட்டும். அதற்குள் அந்த ஐந்து பேரில் யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது வாசகருக்குப் பிடிபட்டிருக்கும்.